டர்பனில் இளையோர் மனநல ஆய்வு: உதவியாளர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் படிக்க வந்தவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள், இங்கே இந்தியர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலேயே பிறந்து வளர்ந்து உளவியல் பட்டம் வாங்கியவர்கள் என்று பலரும் கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பது இதுதான்: "அக்கா, ரிசர்ச் அசிஸ்டென்ட்னா என்ன செய்யணும்? பிள்ளைங்களுக்கு கவுன்சிலிங் கொடுக்கணுமா?"

கொடுக்கக் கூடாது. இந்த வேலையின் பாதிக் கஷ்டம் அங்கேதான் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளை அழும்போது அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். அடுத்த கேள்வியை அச்சில் இருக்கிறபடியே கேட்க வேண்டும். எந்த இடத்தில் கேள்வியை நிறுத்திவிட்டுப் போனை எடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு அறிவுரை சொல்லாமல் பத்து நிமிஷம் இருப்பதே பெரிய தவம். அதனால் இந்தக் கட்டுரையில் படிவங்களைவிட அந்தத் தவத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

எதைச் சோதிக்கிறோம்

நாம் வேலை செய்வது பெரும்பாலும் ட்ரயல்களில், அதாவது ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்று இரண்டு பிரிவை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகளில். ட்ரயல் என்றதும் மாத்திரை, ஊசி என்று வீட்டில் பயப்படுவார்கள். இளையோர் மனநலத்தில் சோதிக்கப்படுவது பெரும்பாலும் ஒரு பேச்சு முறை, ஒரு பயிற்சி, சில சமயம் ஒரு போன் செயலி. பக்கத்து நாடான ஜிம்பாப்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் "ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச்" என்ற திட்டத்தைத் தொடங்கினார். கிளினிக் வளாகத்தில் ஒரு மரப் பெஞ்ச். அதில் பயிற்சி பெற்ற பாட்டிமார் உட்கார்ந்து, வருகிறவரின் பிரச்சினையைப் பிரித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தீர்க்க உதவுவார்கள். இது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பார்க்க ஹராரேயில் 24 கிளினிக்குகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மொத்தம் 573 பேர் சேர்ந்தார்கள். ஒரு பக்கத்தாருக்கு 6 பெஞ்ச் அமர்வுகள். மறுபக்கத்தாருக்கு வழக்கமான சிகிச்சை, கொஞ்சம் மேம்படுத்தியது. ஆறு மாதம் கழித்து அளந்தபோது பெஞ்ச் பக்கத்தாரின் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. 2016-இல் முடிவு வெளிவந்தது.

பெஞ்சில் உட்கார்ந்த பாட்டி ஒருவர், ஆறு மாதம் கழித்து அளந்தவர் வேறொருவர். நம் நாற்காலி அந்த இரண்டாமவருடையது. பாட்டியின் வேலையையும் நாமே செய்யத் தொடங்கினால், பலன் தந்தது பெஞ்சா, அளக்க வந்தவரின் அன்பான பேச்சா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

விண்ணப்பிக்கும் முன்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இந்தியா, இலங்கைப் பட்டம் என்றால் சாக்வா என்ற தகுதி மதிப்பீட்டு அமைப்பிடம் மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். கணவர் அல்லது மனைவியை ஒட்டி வந்த விசா என்றால், வேலை செய்யும் அனுமதி அதில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிறாரோடு பழகும் வேலை என்பதால் போலீஸ் நற்சான்றிதழ் மட்டும் போதாது. தேசியச் சிறார் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியிலும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் உங்கள் பெயர் இல்லை என்ற சான்றுகளும் கேட்பார்கள். இவை வந்து சேர நாளாகும். வேலை கிடைத்த பிறகு போடலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

உளவியலில் ஹானர்ஸ் (இங்கே பட்டத்துக்கு மேல் ஒரு வருடப் படிப்பு) இருந்தால் நல்லது. கள வேலைக்கு மட்டும் என்றால் மெட்ரிக்கும் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) அனுபவமும் போதும் என்று எடுப்பவர்களும் உண்டு. இசிஸூலு, அதாவது ஸூலு மொழி பேச வந்தால் உங்கள் விண்ணப்பம் மேலே போய்விடும். தமிழ் தெரிவது தனித் தகுதியாக எங்கும் எழுதப்பட்டிருக்காது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துப் பிள்ளைகள் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் வீட்டில் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டியவர் ஆயாவாக (பாட்டியாக) இருந்தால், "நல்லா இருக்கீங்களா ஆயா" என்ற ஒரு வாக்கியம் கதவைத் திறந்துவிடும்.

நேர்முகத்தில் அவர்கள் உங்களைக் கேட்கட்டும். நீங்களும் மூன்று விஷயம் கேளுங்கள். நெருக்கடி வந்தால் நான் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் சனிக்கிழமையும் போன் எடுப்பாரா? வீடுகளுக்கு என்னை யார் கூட்டிப்போவார்கள்? களப்பணியாளர்கள் மனம்விட்டுப் பேச வாராந்தரக் கூட்டம் உண்டா? மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் யோசிப்பேன்.

சம்பளம் எப்போதும் ஒப்பந்த அடிப்படைதான். நிதி இருக்கும்வரை வேலை. 2025-இல் அமெரிக்க நிதி நிறுத்தப்பட்டபோது தென்னாப்பிரிக்காவின் பல ஆய்வுகள் பாதியில் நின்றன. நிதி எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் வரை என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பயிற்சி

நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை, அதாவது ஜி.சி.பி. சான்றிதழ் இல்லாமல் யாரும் உங்களைக் களத்தில் விடமாட்டார்கள். இங்கே மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 'ட்ரீ' என்ற இணையத்தளத்தில் ஆய்வு நெறிமுறைப் பாடங்கள் இலவசம். விண்ணப்பிக்கும் முன்பே முடித்து வைத்தால் உங்களுக்கு ஒரு படி முன்னிலை.

ஆனால் நிஜமான பயிற்சி, சக உதவியாளரை எதிரே உட்காரவைத்து நடித்துப் பார்ப்பதுதான். ஒருவர் அழுகிற பெண்ணாக, ஒருவர் பதிலே சொல்லாத பையனாக, ஒருவர் அறைக்குள் வந்து வந்து எட்டிப் பார்க்கும் அம்மாவாக. சிரிப்பாக இருக்கும். முதல் வீட்டுக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிடும்.

ஒப்புதல்: இங்கே அவசரப்படாதீர்கள்

புதியவர்கள் எல்லோரும் குழம்பும் ஒரு இடம் இது. 2005-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, 12 வயது நிரம்பி, புரிந்துகொள்ளும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளை தன் மருத்துவச் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். உடனே, "அப்போ ஆய்வுக்கும் அவளே கையெழுத்துப் போடலாமே" என்று தோன்றும். போட முடியாது. ஆய்வுக்கு வேறு சட்டம்: 2003-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதாரச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும், விவரம் புரிகிற பிள்ளை என்றால் அதன் சம்மதமும் வேண்டும். இரண்டும் வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளை "எனக்கு வேண்டாம்" என்றால் கதை அங்கேயே முடிந்தது. "சும்மா சேர்ந்துக்கோடா" என்று அம்மா அதட்டினாலும் நீங்கள் பேனாவை மூடிவிட வேண்டும்.

அம்மா கேப் டவுனில், அப்பா எங்கேயென்று தெரியாது, வளர்ப்பது ஆயா என்கிற வீடுகள் நிறைய. ஆயா கையெழுத்துச் செல்லுமா? அது எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதித்த புரோட்டோகாலில் (ஆய்வுத் திட்ட ஆவணத்தில்) எழுதியிருக்கும். வாசற்படியில் நின்றுகொண்டு நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சூப்பர்வைசருக்குப் போன் போடுங்கள்.

படிவத்தை மந்திரம் போல ஓதாதீர்கள். ஒரு பத்தி படித்ததும் நிறுத்தி, "உனக்கு என்ன புரிஞ்சதுன்னு உன் வார்த்தையில சொல்லு" என்று கேளுங்கள். "நீங்க என் டிப்ரஷனைச் சரி பண்ண வர்றீங்க" என்று பதில் வந்தால் ஒப்புதல் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம், மறுபடியும் முதலிலிருந்து. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் கிளினிக்கிலோ பள்ளியிலோ எதுவும் குறையாது என்பதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் கேட்பது வேறு. "இது பைத்தியத்துக்கு எடுக்கிற டெஸ்டா?" "ஸ்கூல்ல தெரிஞ்சுடுமா?" "நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது யாராவது இந்தப் பேப்பரைக் காட்டினா?" கடைசிக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். பெயருக்குப் பதில் எண்தான் போகும், பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் வேறு இடத்தில் பூட்டி இருக்கும், 2021 ஜூலையிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதைக் காவல் காக்கிறது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். சில வீடுகளில் கண்ணேறு கழித்திருப்பார்கள், வேப்பிலை அடித்திருப்பார்கள்; சில வீடுகளில் பாஸ்டர் வந்து ஜெபம் செய்திருப்பார். அதையெல்லாம் விட்டால்தான் ஆய்வில் சேரலாம் என்று எந்தப் புரோட்டோகாலும் சொல்லாது. விவாதத்துக்குப் போகாதீர்கள்.

ரகசியத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைப் பேட்டிக்கு முன்பே சொல்ல வேண்டும். பிள்ளை தன் உயிருக்கு ஆபத்து என்கிற நிலையில் இருந்தால், யாராவது அதைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால், நாம் மேலே சொல்லியே ஆக வேண்டும். சிறார்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் உடனே போலீஸிடம் சொல்ல வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் திருத்தச் சட்டமே கட்டளையிடுகிறது. இதை முன்னாலேயே சொன்னால் பிள்ளை பேசாமல் போய்விடுமே என்று சிலர் மறைக்கிறார்கள். சொல்லாமல் பேசவைத்துவிட்டுப் பிறகு போய் ரிப்போர்ட் செய்தால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

வீட்டுக்குள் பேட்டி

சாட்ஸ்வொர்த் இன அடிப்படையில் ஊரைப் பிரித்த காலத்தில், 1960-களில் கட்டப்பட்டது. ஒட்டிக் கட்டிய நகராட்சி வீடுகள், மெல்லிய சுவர். ஓர் அறையில் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இதில் "தனிமையான இடத்தில் பேட்டி எடுக்கவும்" என்று கையேட்டில் ஒற்றை வரி இருக்கும். எழுதியவர் ஃபீனிக்ஸில் ஒரு சாயங்காலம்கூட உட்கார்ந்திருக்கமாட்டார்.

நடப்பது இப்படி. நீங்கள் உள்ளே போனதும் ஆயா டீ போடுவார், தட்டில் டென்னிஸ் பிஸ்கட் வரும். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார். குடித்துவிடுங்கள். பிறகு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், பேத்திக்கு உதவி செய்கிற எண்ணத்தில். "போன ரெண்டு வாரத்துல தூக்கம் எப்படி" என்று நீங்கள் கேட்டால், "ராத்திரி பூரா அந்தப் போன்தான்" என்று ஆயாவிடமிருந்து பதில் வரும். பேத்தி தரையைப் பார்ப்பாள். அங்கேயே நிறுத்திவிடுங்கள். "ஆயா, இந்தக் கேள்வி எல்லாம் அவகிட்ட மட்டும் கேக்கணும்னு எனக்கு ஆர்டர். உங்ககிட்ட கேக்க வேண்டியது தனியா இருக்கு, முடிச்சிட்டு வர்றேன்" என்று ஆர்டரின் மேல் பழியைப் போடுங்கள். மரியாதை குறையாது. வெளியே மாமரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டுக்கொள்ளலாம். வீட்டார் கண்ணில் படும், காதில் விழாத தூரம். அதுவும் முடியாவிட்டால் கோயில் ஹால், நூலகம், கிளினிக்கின் ஓர் அறை. எந்த இடமும் அமையாவிட்டால் பேட்டி இல்லை, இன்னொரு நாள். அரைகுறைத் தனிமையில் வாங்கிய பதிலைவிட வெற்றுப் படிவமே மேல் என்பது என் கட்சி.

பள்ளியில் எடுப்பதானால் மாகாணக் கல்வித் துறையின் அனுமதிக் கடிதம் முதலில், தலைமையாசிரியர் அனுமதி அடுத்து. அக்டோபர், நவம்பரில் மெட்ரிக் பரீட்சை. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வியை எப்படிக் கேட்பது

பெரும்பாலும் உங்கள் டேப்லெட்டில் இருக்கப்போவது பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள், அல்லது அதன் இளையோர் வடிவம். ஒன்பது கேள்வி. எல்லாம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை: இல்லவே இல்லை, பல நாள், பாதிக்கு மேற்பட்ட நாள், கிட்டத்தட்ட தினமும். 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பொதுவாக 10-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டியது என்று கொள்வார்கள். அது ஒரு வடிகட்டி மட்டுமே; "உனக்கு டிப்ரஷன்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் இல்லை, அந்த எண்ணுக்கும் இல்லை.

நீங்கள் படித்ததும் பையன் தோளைக் குலுக்கி, "அப்பப்போ" என்பான். "அப்பப்போ" என்பது விடைப் பட்டியலில் இல்லை. "பல நாள்"தான் சொல்கிறான் போல என்று நீங்களே தட்டிவிடாதீர்கள். நான்கு விடையையும் மறுபடி அதே குரலில் படியுங்கள், அவன் தேர்ந்தெடுக்கட்டும். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் கேள்வியைத் திரும்பப் படியுங்கள், கையேட்டில் அனுமதித்த விளக்கம் இருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் சொந்த உதாரணம் வேண்டாம். நீங்கள் ஒரு உதாரணம், ஃபீனிக்ஸில் வேலை செய்பவர் இன்னொரு உதாரணம் சொன்னால் இருவரும் இரண்டு வேறு கேள்வி கேட்டதாக ஆகிவிடும்.

முகமும் ஒரு பதில்தான். பிள்ளை 3 என்றால் "ஐயோ கண்ணா" என்று முகம் வாடுவதும், 0 என்றால் "நல்லது" என்று தலையாட்டுவதும் அடுத்த பதிலை மாற்றிவிடும். நம்மைச் சந்தோஷப்படுத்தும் பதில் எது என்பதைப் பிள்ளைகள் மூன்றாவது கேள்விக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். கல் முகமும் கூடாது. நான் சொல்லிக்கொடுப்பது இது: முழுப் பேட்டியிலும் "சொன்னதுக்கு நன்றி, அடுத்தது" என்ற ஒரே வாக்கியத்தை ஒரே மாதிரி சொல்லுங்கள்.

நம் ஊர்க் கணக்கு ஒன்று, எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காதது. பி.எச்.க்யூ-9-இன் ஐந்தாம் கேள்வி பசியைப் பற்றியது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் பையன் விரதத்தில் இருப்பான். புரட்டாசியில் பாதி வீடுகளில் சாப்பாட்டு முறையே மாறிவிடும். "பசி குறைந்ததா, அதிகமாகச் சாப்பிட்டாயா" என்ற கேள்விக்கு அவன் "கிட்டத்தட்ட தினமும்" என்பான், விரதத்தை மனதில் வைத்து. நீங்கள் என்ன செய்வீர்கள்? பதிலை அப்படியே பதிவு செய்யுங்கள். குறிப்புக் கட்டத்தில் "காவடி விரதத்தில் இருப்பதாகப் பங்கேற்பாளர் சொன்னார்" என்று எழுதுங்கள். அலுவலகம் திரும்பியதும் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். மதிப்பெண்ணை நீங்களாகக் குறைக்க வேண்டாம். விரதமிருக்கும் பையனுக்கு மனச்சோர்வு இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

ஒன்பதாம் கேள்வி

செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பதே ஒன்பதாம் கேள்வி. புதியவர்கள் இங்கே குரலைத் தாழ்த்துவார்கள், வேகமாகப் படிப்பார்கள், சிலர் "அப்படி எல்லாம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிடுவார்கள். அது கேள்வி இல்லை, "இல்லை" என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுவது.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதையே சோதித்தார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கும் கேட்கப்படாதவர்களுக்கும் மன உளைச்சலிலோ அந்த எண்ணத்திலோ கூடுதல் எதுவும் தெரியவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான். 2005-இல் வந்த முடிவு. ஆகவே முந்தைய எட்டுக் கேள்விகளின் அதே குரலில், அதே வேகத்தில் கேளுங்கள்.

0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் வேலை மாறுகிறது. படிவத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். உங்கள் ஆய்வின் ஆபத்து நடைமுறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வரிசையாகச் செய்யுங்கள். வழக்கமாக அது இப்படி இருக்கும்: எண்ணம் மட்டுமா, வழி யோசித்தாயிற்றா, முன்பு முயன்றதுண்டா என்று தொடர் கேள்விகள், பெரும்பாலும் தற்கொலை ஆபத்தை அளக்கும் கொலம்பியா அளவுகோலில் உள்ளவை. பிறகு பணியில் உள்ள மருத்துவ உளவியலாளருக்கோ நர்ஸுக்கோ அங்கிருந்தபடியே போன். அவர் சொல்லும்வரை பிள்ளையைத் தனியாக விடக் கூடாது, "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று போனாலும் கூடவே போக வேண்டும். யாரைக் கூப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று எழுதிவைக்க வேண்டும்.

இதற்காகத்தான் சொல்கிறேன், காலையில் கிளம்பும்போதே போனில் சார்ஜும் ஏர்டைமும் இருக்கிறதா என்று பாருங்கள். பணியில் உள்ளவரின் எண்ணை ஒருமுறை அடித்துப் பாருங்கள், எடுக்கிறார்களா என்று. இன்னொரு தாளில் அந்தப் பகுதி மருத்துவமனை எழுதியிருக்கட்டும். சாட்ஸ்வொர்த் என்றால் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸ் என்றால் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை. எஸ்.ஏ.டி.ஏ.ஜி. என்ற மனநல அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, சிறார் உதவிக்கான சைல்ட்லைன் எண் 116. இவற்றை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள், மதிப்பெண் எதுவானாலும். ஆனால் ஆபத்தில் இருக்கும் பிள்ளையிடம் எண் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது கைகழுவுவது.

பெற்றோரிடம் யார் சொல்வது? பெரும்பாலும் மருத்துவப் பொறுப்பாளர். பிள்ளைக்குத் தெரியாமல் சொல்லக் கூடாது. "இதை உங்க அம்மாகிட்ட சொல்லியாகணும். நீ சொல்றியா, டாக்டர் சொல்லட்டுமா, ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லலாமா?" என்று தேர்வைப் பிள்ளையிடம் கொடுங்கள். கம்பு எடுக்கிற வீடும் உண்டு, அழுது ஊரைக் கூட்டுகிற வீடும் உண்டு. எந்த வீடு எது என்று பிள்ளைக்குத்தான் தெரியும்.

குலுக்கல்

எந்தப் பிள்ளை எந்தப் பிரிவு என்பதைக் கணினி முடிவு செய்யும். உங்கள் கையில் மூடிய உறையோ, திரையில் ஒரு பொத்தானோ இருக்கும். அடுத்து வருவது எது என்று தெரிந்துகொள்ள முயலாதீர்கள். தெரிந்தால் கஷ்டப்படுகிற பிள்ளையைச் "சரியான" பக்கம் தள்ள மனம் குறுக்குவழி தேடும். தெரிந்தவர்கள் வந்து, "நம்ம பிள்ளை, அந்தப் பக்கமா போட்டுடும்மா" என்பார்கள். கோயில் கமிட்டி மாமாவாக இருந்தாலும், "என் கையில இல்ல மாமா" என்பதுதான் பதில். எந்தப் பக்கம் நல்லது என்று நமக்கே தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை.

நீங்கள் பிரிவு தெரியாமல் அளக்க வேண்டியவர் என்றால், ஃபாலோ-அப் (சில மாதம் கழித்து எடுக்கும்) பேட்டியின் முதல் வாக்கியமே "எந்தக் குரூப்ல இருந்தேன்னு என்கிட்ட சொல்லாதே" என்றிருக்கட்டும். அப்படியும் சொல்லிவிடுவார்கள், சந்தோஷத்தில். சொன்னால் அதைப் பதிவு செய்துவிட்டுத் தொடருங்கள்.

மறுபடி கண்டுபிடிப்பது

ஆறாம் மாதம் பாதி எண்கள் வேலை செய்யாது. சேரும்போதே பிள்ளையின் எண்ணோடு இன்னும் இரண்டு பேரின் எண்ணையும் அனுமதியோடு வாங்குங்கள். யாராவது வேறு ஆள் போனை எடுத்தால் என்ன சொல்வது என்பதையும் அப்போதே பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; "யூத் ஹெல்த் ப்ராஜெக்ட்ல இருந்து பேசுறோம்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் 'டிப்ரஷன்' என்ற சொல் போகவே கூடாது, தம்பியின் கையிலும் அதே போன்தான்.

பங்கேற்பவருக்குத் தரும் பணம் நேரம், சிரமம், செலவு என்ற மூன்றுக்கும் கணக்கிட்டது; கமிட்டி அனுமதித்த தொகை. பாவம் என்று கையிலிருந்து கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அடுத்த தெருவுக்குச் செய்தி போய்விடும்.

தெருக்களைப் பற்றியும் ஒன்று. இந்தியர் நிறைய வாழும் ஃபீனிக்ஸும் அதை ஒட்டிய, கறுப்பினத்தவர் வாழும் இனாண்டா பக்கத்துக் குடியிருப்புகளும், இருவருக்கும் இடையே மோதலாக மாறிய 2021 ஜூலைக் கலவரத்தை மறக்கவில்லை. இந்தியப் பெயர் அட்டையோடு ஒரு பக்கமும், ஸூலு பெயர் அட்டையோடு மறுபக்கமும் தனியாகப் போவதைவிட, இருவராக ஜோடி போட்டு இரண்டு பக்கமும் போவது நல்லது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீட்டை இழந்த பிள்ளைகளும் உங்கள் பட்டியலில் இருக்கலாம். மழை நாளில் பேட்டி வைத்தால் வராதது சோம்பேறித்தனம் அல்ல.

எழுதுவது

யார் எழுதியது என்று தெரிய வேண்டும், படிக்க முடிய வேண்டும், நடந்தபோதே எழுதியிருக்க வேண்டும், முதல் பிரதியாக, சரியாக இருக்க வேண்டும். பென்சில் கூடாது, வெள்ளை மை கூடாது. தவறினால் ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, உங்கள் சுருக்கக் கையொப்பம், தேதி. டேப்லெட்டில் ரெட்கேப் என்ற தரவு மென்பொருள் என்றால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று அதுவே குறித்துவைக்கும். வீட்டுக்குப் போகாமலே படிவம் நிரப்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. புள்ளியியல்காரர்கள் அதை எளிதில் பிடித்துவிடுவார்கள். பேட்டி ஆரம்பித்த நேரத்தையும் முடிந்த நேரத்தையும் பார்த்தாலே போதும்.

நீங்கள்

ஒரு நாளில் நான்கு பேட்டிக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். கனமான பேட்டிக்குப் பிறகு அடுத்த வீட்டுக்கு நடக்கும் முன் காரில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கேட்டதை வீட்டில் சொல்ல முடியாது. வாராந்தரக் கூட்டம் அதற்குத்தான். அங்கேயும் வாய் திறக்காதவர்கள்தான் முதலில் வேலையை விடுகிறார்கள், நான் பார்த்தவரை.

ஒப்பந்தம் முடியும்போது

கடைசி ஃபாலோ-அப் எது என்பதைப் பிள்ளைக்கு முந்தின தடவையே சொல்லிவிடுங்கள். அடுத்து யாரிடம் போகலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பங்கேற்பாளர் எண் எதுவும் உங்கள் சொந்தப் போனில் இருக்கக் கூடாது. அழித்ததைச் சூப்பர்வைசரிடம் காட்டுங்கள். அடையாள அட்டை, டேப்லெட், சாவி ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். அனுபவச் சான்றிதழில் "உதவியாளராகப் பணியாற்றினார்" என்று மட்டும் எழுதித் தருவார்கள். எந்த அளவுகோல்களில் பயிற்சி, எத்தனை பேட்டிகள், ஜி.சி.பி. எந்தத் தேதி வரை செல்லும் என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆய்வில் ஆள் எடுப்பவர் முதலில் பார்ப்பது அந்த மூன்றையும்தான்.